ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை



வெளிநாடு சுற்றப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்றால் சற்றுத் தயங்குவார்கள். கடை கண்ணி அடைத்திருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இராது. விடுதி அறையிலே உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பது அவர்கள் அச்சம். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நாங்கள் இருவரும் பிரான்ஸ் நாட்டின் கிழக்குக் கோடியிலே, ரைன் ஆற்றங்கரையிலே உள்ள ஸ்ட்ராஸ்பூர்க் நகருக்குச் சென்றிருந்தோம். அங்கே எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். அந்த நாளும் ஞாயிற்றுக்கிழமையாகப் போய்விட்டது. விடுதியில் இருந்த பெண்மணி எங்கள் முகவாட்டத்தைக் கண்டு, "கடைகள்தாம் மூடியிருக்கும். பூங்காக்களை யாரும் மூடவில்லை. டிராமும் ஓடுகிறது" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்று முழுவதும் சுற்றினோம். அந்தச் சுற்றுலாவைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியே ஒரு செய்தி. பிரான்சின் மற்றப் பகுதிகளைவிட இந்த அல்சாஸ் வட்டாரத்தில் ஞாயிறு விடுமுறைச் சட்டம் கடுமையானது. காரணம் கேட்டால் வியப்பாக இருக்கும். 1871 முதல் 1918 வரை இவ்வட்டாரம் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில் வந்த தொழிற்சட்டம், ஆட்சி மாறிய பின்பும் மாறாமல் தங்கிவிட்டது. புனித வெள்ளியும் டிசம்பர் 26ஆம் நாளும் இங்கே விடுமுறை. பாரிசில் அப்படி இல்லை. ஆக, நாங்கள் அனுபவித்த அந்த அமைதி பிரெஞ்சுக்காரர்களின் ஊரிலே ஜெர்மானியர்கள் விட்டுச்சென்ற அமைதி. இந்த ஊரில் எதைத் தொட்டாலும் இப்படித்தான். ஒரு கை பிரான்சுக்குச் சொந்தமாக இருக்கும், மறு கை ஜெர்மனிக்குச் சொந்தமாக இருக்கும்.

டிராம் வண்டி நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சிங்கப்பூரில் 1927ஆம் ஆண்டு வரையிலும், பினாங்கில் 1936ஆம் ஆண்டு வரையிலும் மின்சார டிராம் ஓடியது. தெருவிலே பதித்த தண்டவாளத்தில், தலைக்கு மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு ஓடும் வண்டி அது. ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் 1878இல் தொடங்கிய டிராம் 1960இல் நிறுத்தப்பட்டது. மோட்டார் வண்டி பெருகிய காலம். டிராம் பழங்காலத்துச் சரக்கு என்று பல ஊர்கள் அதைத் தூக்கி எறிந்தன. பிரான்ஸ் முழுவதிலும் லீல், மார்செய், சேந்த் எத்தியேன் ஆகிய மூன்று ஊர்களில் மட்டுமே அது ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு காற்று திசை மாறியது. 1985இல் நாந்த் நகரிலும், 1987இல் கிரெனோபிள் நகரிலும் புதிய டிராம்கள் வந்தன.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் இது தேர்தல் சண்டையாகவே ஆகிவிட்டது. பூமிக்கு அடியில், ஓட்டுநர் இல்லாமல் ஓடும் சிறு இரயில் வேண்டும் என்று ஒரு கட்சியினர் வாதிட்டனர். அப்படிச் செய்தால் மேலே தெருவில் கார்களுக்கு இடைஞ்சல் இராது என்பது அவர்கள் கணக்கு. கடைக்காரர்களில் பலர் அந்தப் பக்கம். டிராமைத் தெருவின் மேலேயே விட வேண்டும், கார்கள் சற்று ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று சொன்னவர் காத்தரீன் திரோத்மன் என்னும் அம்மையார். 1989இல் அவரே வென்று மேயரானார். நகரின் நடு மையத்திலுள்ள கிளேபர் சதுக்கத்தின் வழியாக அதுவரை நாள்தோறும் பல்லாயிரம் கார்கள் போய்வந்தன. 1992இல் அந்த வழி அடைக்கப்பட்டது. 1994 நவம்பரில் முதல் டிராம் ஓடியது. எதிர்த்தவர்களும் ஏறிப் போனார்கள்.

இத்தனை விவரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. எங்கள் இருவரில் ஒருவருக்கு முழங்கால் வலி. யாருக்கு என்பதை வானொலியில் சொல்லக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. பேருந்துப் படியேறுவதே அவருக்கு ஒரு வேலை. ஆனால் இந்த டிராமின் தரை, நிறுத்தத்து மேடைக்குச் சமமாகவே இருக்கிறது. படி ஏற வேண்டியதில்லை; வீட்டின் கூடத்திலிருந்து அறைக்குள் போவதுபோல் கால் எடுத்து வைத்தால் போதும். பிள்ளை வண்டி தள்ளி வருபவர், சக்கர நாற்காலியில் வருபவர், கையூன்றி நடக்கும் கிழவர் எல்லாரும் அப்படியே உள்ளே வருகிறார்கள். சன்னல்கள் தரையிலிருந்து கூரை வரை அகன்ற கண்ணாடி. அன்று காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணி வரை சுற்றியும் அந்த முழங்கால் ஒரு சொல் முறையிடவில்லை. முன்னால் அமைந்த திட்டத்தின் அருமை இப்படிப்பட்ட இடத்தில்தான் தெரிகிறது.

நாங்கள் ஏறிய நிறுத்தத்தின் பெயர் 'இரும்பு மனிதன்' என்று பொருள்படும். அருகிலுள்ள மருந்துக் கடையின் முகப்பில் இரும்புக் கவசம் பூண்ட போர்வீரன் உருவம் ஒன்று நிற்கிறது. அதனால் வந்த பெயர். தலைக்கு மேல் பெரிய வளையம்போல் வட்டமான கண்ணாடிக் கூரை. பல தடங்கள் அங்கே கூடிப் பிரிகின்றன. மற்ற நாளில் நெரிசலாக இருக்கும் இடம், அன்று புறாக்களும் நாங்களுமாக இருந்தது. நாள் முழுதும் செல்லக்கூடிய சீட்டு வாங்கி வண்டியில் காலை வைக்கப் போனபோது, ஒரு மூதாட்டி எங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். முதலில் திகைத்துவிட்டோம். மேடையிலுள்ள சிறு பெட்டியில் சீட்டை நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமாம். ஏறிய பிறகு குத்த முடியாது. மொழி தெரியாத எங்களுக்கு அவர் சைகையிலேயே அதைக் கற்றுக்கொடுத்தார். வண்டி அதற்குள் போய்விட்டது. ஞாயிறு அன்று வண்டிகள் குறைவு. எனவே அடுத்த வண்டி வரும் வரை அவருடனே நின்று, சிரித்துச் சமாளித்தோம்.

இல் என்னும் சிற்றாற்றைக் கடந்ததும் குடியரசுச் சதுக்கம். இதைச் சதுக்கம் என்பதைவிட வட்டமான தோட்டம் எனலாம். சுற்றிலும் கனத்த கட்டடங்கள். அவற்றுள் ஒன்று ஜெர்மானியப் பேரரசருக்காக 1880களில் கட்டிய அரண்மனை. அக்காலத்தில் இதன் பெயரே பேரரசர் சதுக்கம். உள்ளே மக்னோலியா மரங்கள் இலை விடுமுன்பே இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றன. ஜிங்கோ மரங்கள் சில உண்டு. விசிறிபோல் விரிந்து நடுவே பிளந்த இலை அவற்றுக்கு. ஜப்பானியப் பேரரசர் ஜெர்மானியப் பேரரசருக்கு அனுப்பிய அன்பளிப்பு அவை என்று ஊரார் சொல்கிறார்கள். கொடுத்தவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை; பிரெஞ்சுக் குடியரசின் பெயர் தாங்கிய தோட்டத்தில் மரங்கள் மட்டும் தளிர்த்துக்கொண்டிருக்கின்றன.

தோட்டத்தின் நடுவே ஒரு கற்சிலை. 1936ஆம் ஆண்டு வைக்கப்பட்டது. திரிவியே என்ற சிற்பி செதுக்கியது. ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். அவள் மடியின் இருபுறமும் உயிர் பிரியும் நிலையில் இரண்டு ஆண் மக்கள். பிரான்சு முழுவதும் ஊருக்கு ஊர் போர் நினைவுச் சின்னம் உண்டு. அவற்றில் போர்வீரன் சீருடையோடு துப்பாக்கி ஏந்தி நிற்பான், கீழே 'தாயகத்திற்காக உயிர் நீத்தவர்கள்' என்று எழுதியிருக்கும். இங்கே அந்த மக்கள் உடம்பில் சீருடை இல்லை, ஆடையே இல்லை. கல்வெட்டிலும் 'இறந்துபோன நம்மவர்களுக்கு' என்ற பொருளில் இரண்டு மூன்று சொற்களே உள்ளன.

ஏன் அப்படி? முதல் உலகப் போர் மூண்டபோது இவ்வூர் ஜெர்மனிக்கு உட்பட்டது. எனவே இவ்வூர் இளைஞர்கள் பெரும்பாலும் ஜெர்மானியப் படையில் போரிட்டார்கள். சிலர் தப்பிச்சென்று பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் ஊர் பிரான்சின் கைக்கு வந்துவிட்டது. தாயகத்திற்காக என்று எழுதினால் எந்தத் தாயகம்? சீருடை போட்டால் எந்தச் சீருடை? சிற்பி அந்த இரண்டையும் களைந்துவிட்டு, தாயை மட்டும் வைத்தார். பிள்ளைகளில் ஒருவன் பிரான்சுக்காகவும் மற்றவன் ஜெர்மனிக்காகவும் மடிந்தவன் என்று கொள்கிறார்கள். எவன் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. நாங்கள் வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். அடுத்த பெஞ்சில் ஒருவர் ரொட்டியைப் பிய்த்துக் குருவிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்நகரின் வரலாற்றை இங்கேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இனிப் பார்க்கப்போகும் பூங்காக்களுக்கு அது தேவை. 1681இல் பதினான்காம் லூயி மன்னர் இவ்வூரைப் பிரான்சோடு சேர்த்துக்கொண்டார். 1870இல் ஜெர்மானியப் படை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1918இல் மீண்டும் பிரான்ஸ். 1940இல் மீண்டும் ஜெர்மனி. 1944 நவம்பரில் மீண்டும் பிரான்ஸ். 1865இல் பிறந்து எண்பது வயது வாழ்ந்த ஒரு கிழவி, தெருவை விட்டு நகராமலே நான்கு முறை நாடு மாறியிருப்பாள். 1940க்குப் பிறகு பிரெஞ்சு மொழி பேசுவதே குற்றமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டு, 1939 செப்டம்பரில், போர் மூளும் வேளையில் நகரத்து மக்கள் அனைவரையும் அரசாங்கம் நாட்டின் தென்மேற்குப் பகுதிக்கு அனுப்பிவிட்டது. ஆள் இல்லாத நகரமாக ஸ்ட்ராஸ்பூர்க் நின்றது.

அங்கிருந்து ஈ தடத்து டிராமில் ஏறி வடகிழக்கே சென்றோம். சன்னலுக்கு வெளியே கொந்தாத் பூங்காவின் முதிய மரங்கள் வந்தன. அதன் ஓரத்தில் யூதர்களின் பெரிய வழிபாட்டு மண்டபம். அமைதிக் கோயில் என்று பெயர், 1958இல் திறக்கப்பட்டது. இதற்கு முன்பிருந்த கோயிலை 1940இல் நாஜிகள் எரித்து, பிறகு இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். டிராம் அங்கே ஒரு நிமிடம் நின்று புறப்பட்டது. அதன் பிறகு ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் கண்ணாடிக் கோபுரம், மனித உரிமை நீதிமன்றம் என்று பெரிய கட்டடங்கள் வரிசையாக வந்தன. அடிக்கடி கைமாறிய ஊர் என்பதாலேயே இவற்றை இங்கே அமைத்தார்கள். ஞாயிறு என்பதால் கதவுகள் அடைத்துக் கிடந்தன. கொடிகள் மட்டும் பறந்தன.

இறங்கிச் சற்று நடந்தால் ஒராஞ்செரிப் பூங்கா. 26 ஹெக்டேர் பரப்பு. ஒராஞ்செரி என்றால் ஆரஞ்சு மரங்களுக்கான வீடு. மரத்துக்கு ஏன் வீடு என்று நமக்குத் தோன்றும். குளிர் நாட்டில் ஆரஞ்சு மரம் வெளியே நின்றால் செத்துப்போகும். எனவே பெரிய தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது ஒரு பிரபுவின் மாளிகையிலிருந்து பறிமுதல் செய்த ஏறக்குறைய 140 ஆரஞ்சு மரங்கள் இந்நகரின் பங்குக்கு வந்தன. அவற்றைக் காப்பதற்காகவே 1804 முதற்கொண்டு இங்கே ஒரு மண்டபம் எழுப்பினார்கள். நெப்போலியனின் மனைவி ஜோசபின் பெயர் அதற்கு. 1968இல் அது தீப்பற்றி எரிந்து, மறுபடியும் கட்டப்பட்டது. பூங்காவில் ஏரி இருக்கிறது, படகு இருக்கிறது, சிறிய செயற்கை அருவி இருக்கிறது. வேறோர் ஊரிலிருந்து பிரித்துக்கொண்டுவந்து இங்கே பூட்டி நிறுத்திய பழைய மரச்சட்ட வீடு ஒன்றும் இருக்கிறது. ஆனால் எங்கள் கண்ணை இழுத்தவை இவை எவையும் அல்ல.

தலை வெட்டிய மரங்களின் உச்சியிலே வண்டிச் சக்கரம்போல் கூடுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை உடலும் கறுத்த சிறகு நுனியும் நீண்ட சிவந்த கால்களும் கொண்ட நாரைகள். செங்கால் நாரை! சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குத் தூது விட்ட பறவையை இங்கே ஐரோப்பாவின் நடுவில் கண்டபோது, பழைய வகுப்பறை நினைவுதான் வந்தது. இப்பறவைக்குக் குரல் கிடையாது. கழுத்தை வளைத்து முதுகிலே சாய்த்து, இரண்டு அலகையும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மரக்கட்டைகளைத் தாளமிடுவதுபோன்ற அந்த ஓசை பூங்கா முழுதும் கேட்டது.

அல்சாஸ் மக்களுக்கு நாரை நன்மையின் அடையாளம். கூரையில் கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லது என்பார்கள். பிள்ளைகளைக் கொண்டுவந்து தருவதும் நாரைதான் என்று சிறுவர்களிடம் சொல்வார்கள். அப்படிப்பட்ட பறவை 1970களில் அற்றுப்போகும் நிலைக்கு வந்துவிட்டது. 1974இல் அல்சாஸ் முழுவதிலும் பத்துக்கும் குறைவான இணைகளே கூடு கட்டின. ஆப்பிரிக்காவுக்குக் குளிர்கால வலசை போன நாரைகள் வறட்சியிலும் வேட்டையிலும் மடிந்தன; வழியில் மின்கம்பிகளில் பட்டு மாண்டன; ஊர்த் திரும்பியவற்றுக்கு மேய்வதற்கு ஈரவயல்கள் குறைந்துபோயின. இதற்கு ஒரு வழி கண்டார்கள். நாரைக் குஞ்சுகளை மூன்று ஆண்டுக் காலம் கூண்டில் அடைத்து வளர்த்தால், வலசை போகும் உந்துதல் மங்கிவிடுகிறது. பிறகு திறந்துவிட்டால் ஊரிலேயே தங்கிக் கூடு கட்டுகின்றன. அந்தப் பணி நடந்த இடங்களுள் இந்தப் பூங்காவும் ஒன்று. இன்று அல்சாசில் நாரை இணைகள் ஆயிரத்தையும் தாண்டிவிட்டன.

பறவையைப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் பறந்து போவதை மறக்கச் செய்து பிழைக்க வைத்தார்கள். இது சரிதானா என்ற கேள்வி அந்நாட்டு அறிஞர்களுக்கே எழுந்தது. எண்ணிக்கை பெருகிய பின் கூண்டில் அடைப்பதைக் கைவிட்டார்கள். புதிய தலைமுறை நாரைகள் பல மீண்டும் தெற்கே போகத் தொடங்கியிருக்கின்றன. கற்பிக்காமலே போகின்றன! பல நாரைகள் ஸ்பெயினோடு நின்றுவிடுகின்றன. ஊர்ப்புறத்துக் குப்பைமேடுகளில் அவற்றுக்குத் தீனி கிடைக்கிறதாம். புலவர் கேட்டால் வருந்துவார்.

மதியத்துக்குக் கையோடு கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டு, அதே ஈ தடத்தில் திரும்பிப் பல்கலைக்கழக நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கே தாவரவியல் தோட்டம். 1619இல் தொடங்கியது, பிரான்சில் மோன்பெலியே நகரத் தோட்டத்துக்கு அடுத்தபடி பழைமையானது இதுவே. முதலில் நகரின் வேறொரு மூலையில் இருந்தது. 1870இல் முற்றுகை நடந்தபோது, இறந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோக வழியில்லை. எனவே அந்தத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். மூலிகைப் பாத்திகள் இடுகாடாயின.

வென்ற ஜெர்மானியர்கள் 1872இல் புதுப் பல்கலைக்கழகம் நிறுவினார்கள். அதன் முதல் தலைவராக வந்தவர் ஆன்டன் டி பாரி என்ற தாவரவியல் அறிஞர். அயர்லாந்தில் பெரும் பஞ்சத்துக்குக் காரணமான உருளைக்கிழங்கு அழுகல் நோய், பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிரால் வருகிறது என்பதை ஆய்வின் மூலம் நிலைநாட்டியவர் அவர். இப்போதுள்ள தோட்டம் அவர் காலத்தில், 1884இல் திறக்கப்பட்டது. வேறுபட்ட இரண்டு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து கூடி வாழ்வதைக் குறிக்கும் 'சிம்பயோசிஸ்' என்னும் சொல்லை அறிவியல் உலகில் பரவச் செய்தவரும் அவரே. அதைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1879இல் இந்நகரில்தான் அச்சாயிற்று. பிடிபட்ட ஊரில், பிடித்தவர்களின் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு நூல்!

அங்கே வெப்ப மண்டலச் செடிகளுக்கென்று கண்ணாடி வீடு இருக்கிறது. உள்ளே போனதும் மூக்குக் கண்ணாடியில் நீராவி படிந்துவிட்டது. ஈர மண் வாடை, புழுக்கம்... கண்ணை மூடினால் நம் ஊர் மாலை வேளை. நம் வீட்டுப் பின்புறத்தில் கேட்பாரற்று வளர்கிற வகைச் செடிகளுக்கெல்லாம் அங்கே பெயர்ப்பலகை. பூமலைக்குப் பேருந்து ஏறினால் முடிந்தது, இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சிரித்துக்கொண்டோம்.

அடுத்த இடத்தை விரைந்து சொல்லிவிடலாம். கோட்டைப் பூங்கா. பதினான்காம் லூயியின் கோட்டைக் கலைஞர் வோபன், ஊரைக் கைப்பற்றிய கையோடு நட்சத்திர வடிவில் கட்டிய கோட்டை அது. ஜெர்மனியை நோக்கி வைத்த பிரெஞ்சுப் பூட்டு. 1870இன் பீரங்கி அதை உடைத்துவிட்டது. எஞ்சிய செங்கல் மதில்களைச் சுற்றி 1960களில் பூங்கா அமைத்தார்கள். அகழியில் வாத்துகள் நீந்துகின்றன. மதிலின் சரிவில் துணி விரித்துப் பல குடும்பங்கள் உணவு உண்டுகொண்டிருந்தன. அரபி, துருக்கி மொழிகள் காதில் விழுந்தன. சிறுவர்கள் மதில் மேல் ஏறிக் குதித்தார்கள்.

கோட்டையிலிருந்து நடந்துபோய் டி தடத்து டிராமில் ஏறினோம். பழைய துறைமுகக் கிடங்குகளையும் புதிதாக எழும் அடுக்கு வீடுகளையும் கடந்து, எல்லைக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கினோம். அங்கிருந்து ஆற்றங்கரை வரை இரு கரைத் தோட்டம். பெயருக்கேற்பத் தோட்டம் ஒன்று, கரை இரண்டு. ஒரு பாதி பிரான்சில், மறு பாதி ஜெர்மனியின் கேல் என்ற சிற்றூரில். 2004இல் இரண்டு ஊர்களும் சேர்ந்து மலர்க் கண்காட்சி நடத்தி இதைத் திறந்தார்கள். நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டுமான பாலம் ஒன்று ஆற்றின் மேலே வில்போல் வளைந்து செல்கிறது. இரண்டு நடைபாதைகள், ஒன்று மேடாக ஏறி இறங்கும், மற்றொன்று ஏறக்குறையச் சமமாகச் செல்லும். ஆற்றின் நடுவே, நாட்டின் எல்லை ஓடும் இடத்தில் இரண்டும் கூடுகின்றன. கூடும் இடத்தில் நின்று பேச ஒரு மேடை.

அந்த மேடையில் நாங்கள் நின்றோம். கடவுச்சீட்டுக் கேட்பார் இல்லை. காவலர் இல்லை. மிதிவண்டியில் ஒரு தகப்பன் பின்னால் பிள்ளையை வைத்துக்கொண்டு ஜெர்மனியிலிருந்து பிரான்சுக்கு வந்தான், பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், எதிர்க்கரையிலுள்ள கேல் மக்களை ஊர் திரும்பவிடாமல் பிரான்ஸ் அவ்வூரைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. அவர்கள் முழுமையாக ஊர் திரும்ப 1953 ஆயிற்று. அந்த ஊர்தான் இப்போது பிள்ளை தூங்கும் தூரத்தில் இருந்தது. அப்போது எங்களுள் ஒருவர் கேட்ட கேள்வி இது: "என்னங்க, நம்ம பாலத்துல இப்படி நடுவுல நின்னு பேச முடியுமா?"

நம்ம பாலம் என்றால் ஜோகூர் பாலம். எங்கள் அக்காவின் வீடு ஜோகூர் பாருவில், நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். வாரம் ஒருமுறை போய்வருவோம். வரிசையில் நின்று அலுத்துக்கொள்வோமே தவிர, அந்தப் பாலம் ஒருநாள் அடைபடும் என்று எண்ணியதில்லை. மறு ஆண்டு, 2020 மார்ச்சில், கொவிட் தொற்று வந்தது. இங்கே ஜோகூர் பாலம் அடைபட்டது. அங்கே ரைன் எல்லை அடைபட்டது. டிராம் பிரெஞ்சுக் கரையோடு நின்றது. நாங்கள் நின்ற நடைபாலமும் மூடப்பட்டது. கரைக்கு ஒருவராகப் பிரிந்த உறவினர்கள் தவித்த செய்தியைப் படித்தபோது அந்த மேடைதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் எல்லை அந்த ஆண்டு ஜூன் 15ஆம் நாள் திறந்தது. நம் பாலம் முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆயிற்று. அந்த இரண்டு ஆண்டுகளில் அக்காவை நாங்கள் தொலைபேசித் திரையில்தான் பார்த்தோம். திரையில் அவர் இளைத்துக்கொண்டே போனார். திறந்த முதல் வாரத்தில் போய்ப் பார்த்தபோது, "இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று எங்களையே கேட்டார்.

2019இன் அந்த ஞாயிறு மாலைக்குத் திரும்புவோம். நடைபாலத்தைக் கடந்து கேல் ஊருக்குள் நுழைந்தோம். அங்கேயும் ஞாயிறு; அங்கேயும் கடைகள் அடைப்பு. பிரான்சைவிடச் சிகரெட் மலிவு என்று வாரநாட்களில் இந்த டிராமில் கூட்டம் கூட்டமாக வருவார்களாம். அன்று அந்தக் கூட்டமும் இல்லை. வாரச் சந்தடியெல்லாம் ஓய்ந்த அந்த வேளையில் ஊரைப் பார்த்ததே எங்கள் நல்வாய்ப்பு.

திரும்பும் டிராமை ஜெர்மனியின் மண்ணிலேயே ஏறினோம். முற்காலத்திலும் டிராம் இந்த ஆற்றைக் கடந்து கேல் வரை ஓடியிருக்கிறது. போர்களும் எல்லை மாற்றங்களும் அதை அறுத்துவிட்டன. மீண்டும் தண்டவாளம் இணைந்தது 2017 ஏப்ரலில். புதிய பாலத்துக்கு பேயாத்துஸ் ரேனானுஸ் என்று பதினாறாம் நூற்றாண்டு அறிஞர் ஒருவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பிரான்சு, ஜெர்மனி என்று இன்றைய பொருளில் பிரியாத காலத்தவர். எவரும் சண்டைக்கு வர முடியாத பெயர்.

வண்டியில் எங்களோடு ஆறேழு பேர். இரண்டு கிழவர்கள் ஜெர்மன் போன்ற ஒரு மொழியில் பேசிக்கொண்டு வந்தார்கள். அல்சாஸ் மக்களின் வீட்டு மொழியாக இருக்கலாம். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பேத்தி போன்ற சிறுமி பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்றின் மேல் மஞ்சள் வெயில். பாலத்தின் நடுவைக் கடந்தபோது எங்கள் இருவருக்கும் அது எந்த இடம் என்று தெரியவில்லை. எட்டிப் பார்ப்பதற்குள் டிராம் மறுகரைக்குப் போய், பிரெஞ்சில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது. நாங்கள் இரும்பு மனிதன் நிறுத்தம் வரை வந்து இறங்கினோம். காலையில் சட்டையைப் பிடித்து இழுத்த மூதாட்டி அங்கே இருப்பாரோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, விடுதிக்கு நடந்தோம்.